ரோமாபுரிக் கொண்டை

நயா பைசா வந்த புதிது. வெள்ளைக்கார ராஜாவின் தலை போட்ட பழைய காசும், சிங்கத்தலை போட்ட புதுக் காசும் கலந்து புழங்கிக்கொண்டிருந்தன. கொடைக்கானல் பஜாரில் அப்பா பழக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகக் கடைக்குப் போய்க் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கிரீடம் வைத்த ராஜா, கிரீடம் வைக்காத ராஜா, சிங்கம் என்று காசுகளைப் பிரித்துப் பிரித்து அடுக்குவேன். மகளுக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். நான் எண்ணவே இல்லை. முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பார்த்த காசு முகங்களிலேயே அழகான முகம் அந்தக் கல்லாவில் இல்லை. அது அத்தையின் கழுத்தில் இருந்தது.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். ஆயக்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமாவுக்கு அங்கே கொய்யாத்தோப்பு. மாமா பேசவே மாட்டார். அவருக்கும் சேர்த்து அத்தை பேசிவிடுவாள். கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டுபோய்ப் பழனி அடிவாரத்தில் உட்கார்ந்தாளென்றால், மலையேறப் போகிறவர்கள் அவள் குரலைக் கேட்டே நின்றுவிடுவார்கள். குரலுக்கு அடுத்தபடியாக ஊரில் பேர்போனது அத்தையின் கூந்தல். அவிழ்த்துவிட்டால் முழங்காலுக்குக் கீழே போகும். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தால், நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டுதான் துவட்டுவோம்.

அந்தக் காசு மாமாவுக்குக் கிடைத்தது. கன்று நடக் குழி வெட்டும்போது மண்கட்டி ஒன்று உடைந்து உள்ளே மினுங்கியிருக்கிறது. வேட்டியில் துடைத்து மடியில் கட்டிக்கொண்டு, மீதிக் குழிகளையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தபோது எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "குழியில கெடந்துச்சு" என்றாராம். அவ்வளவுதான். மறுநாள் அத்தை அவரை நிம்மதியாக விடவில்லை. பானை நிறையப் புதைந்து கிடக்கும் என்று தோப்பின் அந்த ஓரம் முழுவதையும் வெட்டவைத்தாள். பானை கிடைக்கவில்லை. வெட்டிய குழிகளை வீணாக்க மனமில்லாமல் அதிலெல்லாம் கொய்யாக் கன்று வைத்தார்கள்.

பழனியில் நகை வேலை செய்கிறவர் காசைப் பார்த்துவிட்டு, சுத்தத் தங்கம், உருக்கினால் நல்ல கம்மல் வரும் என்றார். அத்தை சம்மதிக்கவில்லை. சரி, ஓட்டை போட்டுக் கோத்துத் தருகிறேன் என்று துளையிடும் ஊசியை எடுத்திருக்கிறார். "நெத்தியில ஓட்ட போடவா? ஒம்ம நெத்தியில போட்டா சும்மா இருப்பீரா?" என்று அத்தை சத்தம் போட, அவர் மிரண்டுபோய், முகத்தில் எங்கும் படாமல் மேல்விளிம்பில் ஒரு சின்ன வளையத்தைப் பற்றவைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து தாலிக்கொடியோடு சேர்ந்து அதுவும் தொங்கியது.

அத்தை மடியில் படுத்துக்கொண்டு நான் அதைப் பார்ப்பேன். ஓரணாவைவிடச் சற்றே சிறியது. ஆனால் என்ன கனம்! வட்டமும் சரியான வட்டமில்லை, கையால் தட்டியதுபோல ஓரம் கொஞ்சம் நெளிந்திருக்கும். ஒரு பெண்ணின் தலை, பக்கவாட்டில். பெரிய கண். நேர் மூக்கு. எதையோ சொல்ல வந்து, வேண்டாமென்று நிறுத்திக்கொண்ட மாதிரி சின்ன வாய். காதுக்கு மேலே மயிர் அலை அலையாகப் போய், பின்னால் பின்னலாகி, பின்னல்களெல்லாம் மேலே ஏறி உச்சந்தலையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். விரல்நகத்தளவு இடத்தில் ஒவ்வொரு இழையையும் யாரோ ஒரு ஆள் தனித்தனியாகச் செதுக்கியிருந்தார். அந்த ஆளின் கண் எப்படிப்பட்ட கண்ணாக இருந்திருக்கும் என்று நான் வியந்து வியந்து பார்ப்பேன். சுற்றிலும் எழுத்துகள். ஏ, பி, சி படித்திருந்த எனக்கு எல்லா எழுத்தும் தெரிந்தது. கூட்டி வாசித்தால்தான் இங்கிலீஷாக இல்லை.

திருப்பினால் மறுபக்கம் ஒரு பெண் நிற்பாள். ஒரு கையில் தீப்பந்தம், ஒரு கையில் கதிர். மகாலட்சுமி என்றார்கள் சிலர். விக்டோரியா மகாராணி என்றார் ஒருவர். அத்தைக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது.

"வெள்ளாமைக்காரி. அறுப்பு முடிஞ்சு இருட்டுல வீட்டுக்கு வாரா. அதான் பந்தம்."

"முன்பக்கம் இருக்கிறது யாரு அத்தை?"

"அவளேதான். வீட்டுக்கு வந்து தல சீவிட்டா."

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஐப்பசியில் அடித்த காற்றில் மாமாவின் தோப்பு பாதி சாய்ந்துவிட்டது. நனைந்துகொண்டே மரங்களுக்கு முட்டுக்கொடுக்கப் போனவர் காய்ச்சலில் விழுந்தார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. கீழே வைத்தியம் பலிக்காமல் கொடைக்கானலில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்து சேர்த்தார்கள். அத்தை எங்கள் வீட்டில் தங்கினாள்.

ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டது. மாமாதான் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார், படுத்தபடியே கிடந்தார். அத்தை காலையும் மாலையும் கஞ்சி கொண்டுபோய், கொண்டுபோனபடியே திருப்பிக் கொண்டுவந்தாள். மருந்து செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, இனி அவர் மனசு வைத்தால்தான் உண்டு என்று டாக்டர் சொன்னதாக அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். "மரம் சாஞ்சதுல மனுசனும் சாஞ்சிட்டாரு" என்றாள் அம்மா.

ஒருநாள் காலையில் இட்லித் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அத்தை சொன்னாள்:

"முடி குடுத்துரலாம்னு இருக்கேன். பழனிக்கு."

அம்மாவின் கை கரண்டியோடு நின்றது. "வேண்டிக்கிட்டிங்களா மதினி? நல்லதுதான். அண்ணனுக்குக் கொணமாகட்டும், தை மாசம் போயிக் குடுத்துட்டு வருவோம்."

"தையாவது மாசியாவது. நாளக் கழிச்சுப் போறேன்."

"கொணமான பெறகுதான மதினி குடுப்பாங்க?"

"கொணமாக்குனா தாரேன்னு சொன்னா, அவரு யோசிப்பாரு. இந்தாருங்கன்னு மொதல்லயே கையில குடுத்துட்டா? வாங்கிக்கிட்டு இல்லேங்க முடியுமா? முருகன் அப்பிடிப்பட்ட ஆளில்ல."

கொய்யா வியாபாரத்தில் முன்பணம் கொடுத்தவருக்குத்தான் கூடை என்பது அத்தையின் சட்டம். அதே சட்டத்தைச் சாமிக்கும் போட்டுவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அந்தக் கூந்தலில் ஒரு பக்கம் எனக்குப் பாத்தியதை என்பது என் எண்ணம்.

அத்தை என்னைப் பார்த்தாள். கழுத்திலிருந்து காசை இழுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"அழுவாத மருமகளே. போறதுக்கு முந்தி ஒரு சோலி இருக்கு. இவ கொண்டைய எனக்குப் போட்டுவிடணும். இம்புட்டு முடியும் ஒருநா ராணி மாதிரி இருந்துட்டுத்தான் போகட்டுமே. ஒங்க மாமாவும் பாக்கட்டும்."

அன்று ராத்திரியே வேலையைத் தொடங்கினோம். அத்தையின் முடி நீட்டமே தவிர நெளிவே கிடையாது. அதனால் ஈரத்தலையில் பொடிப்பொடியாகப் பின்னிவிட்டுத் தூங்கவைத்தாள் அம்மா. வெள்ளனே எழுந்து பிரித்தபோது, காசில் இருந்த அலை காதோரம் அப்படியே வந்துவிட்டது. அத்தை நடுவீட்டில் உட்கார, அம்மா பின்னால் நிற்க, அத்தை கழற்றிக் கொடுத்த காசை நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு உத்தரவுகள் போட்டேன். இப்படி நடுவில் இழுக்கக் கூடாது, அப்படிக் கீழே தொங்கவிடக் கூடாது, பிடரியிலிருந்து நேராக மேலே ஏற வேண்டும். இரண்டு தடவை உச்சியில் சுற்றினோம், இரண்டு தடவையும் சரிந்து விழுந்தது. அத்தைக்கு அதில் ஏகப்பெருமை. "அவளுக்கு இம்புட்டு முடி இருந்திருக்காது" என்றாள். கடைசியில் அம்மா வாழைநாரால் அடியில் கட்டி, வீட்டிலிருந்த கொண்டையூசி எல்லாவற்றையும் செருகி நிற்கவைத்தாள். காசில் மயிருக்கு நடுவே முத்துச்சரம் போல ஒரு கோடு ஓடியது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நான் ஆடியபோது போட்டிருந்த பாசிமணிச் சரத்தை அதற்குக் கொடுத்தேன். தலையின் அடுத்த பக்கம் எப்படி இருந்தது என்பதைப் பற்றிக் காசு ஒன்றும் சொல்லவில்லை. இதேபோலத்தான் இருக்கும் என்று அம்மா முடிவு செய்தாள்.

கண்ணாடியில் பார்த்துவிட்டு அத்தை சொன்னாள்: "சும்மாடு மாதிரில்ல இருக்கு!"

உண்மைதான். கூடை தூக்குகிறவர்கள் தலையில் வைக்கிற துணிச்சுருள் மாதிரியே இருந்தது. ஆனால் அத்தை எழுந்து, கழுத்தை நிமிர்த்தித் திரும்பியபோது, கையிலிருந்த காசை நான் மறந்தே போனேன். அவ்வளவு அழகாக இருந்தாள். உச்சிக்கொண்டையில் ஒரு சாண் உயர்ந்துவிட்டாள்.

பஜார் வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அம்மா யாரோ மாதிரிச் சற்றுத் தள்ளிப் பின்னால் வந்தாள். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வைத்த கண்ணை எடுக்காமல் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். கம்பளிக்கடை பாய் கடையை விட்டு இறங்கியே வந்துவிட்டார்.

"என்னக்கா, சும்மாடு இருக்கு, கூடையக் காணோம்?"

"ஒங்களத் தூக்கி வச்சுக்கலாம்னுதான் பாய் கூடையக் கொண்டாரல. ஏறிக்கிறீங்களா?"

பஜாரே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. ராணி நடப்பதுபோல நடந்துகொண்டே போனாள்.

மாமா எப்போதும்போல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அத்தை அவரைக் கூப்பிடவில்லை. கட்டிலைச் சுற்றிப் போகவுமில்லை. ஜன்னலோரம் போய்ப் பக்கவாட்டாகத் திரும்பி, தாடையை உயர்த்தி, கண்ணை அகல விழித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். காசில் இருந்தவள் மாதிரியே. முதலில் பக்கத்துக் கட்டில்காரர் பார்த்தார். பிறகு எதிர்க்கட்டில். ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். வார்டு முழுக்க முணுமுணுப்பு ஓடியது. அந்தச் சத்தத்துக்குத்தான் மாமா திரும்பினார். மிக மெல்ல, ஒரு பாறையைப் புரட்டுவதுபோல.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏ புள்ள," என்றார். குரல் துருப்பிடித்திருந்தது. "என்னது இது கோலம்?"

"கண்டுபிடிக்கலியா? காசுல இருக்கவ." அத்தை தலையைத் திருப்பாமல் பேசினாள்.

மாமா இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார். "அவளுக்கு மூக்கு இம்புட்டு நீளமில்ல" என்றார்.

அத்தைக்குச் சிரிப்புப் பீறிட்டது. அவள் சிரிக்க, மாமாவுக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலானது, இருமல் கேட்டு சிஸ்டர் ஓடிவந்தார்.

சிஸ்டர் கடல்கடந்து வந்தவர். வயதான, நெட்டையான அம்மாள். தமிழைப் புத்தகத்தில் படித்தவர் என்பதால் எங்கள் யாரையும்விடச் சுத்தமாகப் பேசுவார். அத்தையின் தலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இந்தத் தலை அலங்காரத்தை நீங்கள் எங்கே கண்டீர்கள்?"

அத்தை காசைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். வெளியாள் கையில் அத்தை அதைக் கொடுத்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. சிஸ்டர் வெளிச்சத்துக்குப் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காசை மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தார். ஜெபம் சொல்வதுபோல உதடு அசைந்தது.

"லத்தீன்," என்றார். "எங்கள் ஜெபத்தின் பாஷை. இவள் ரோமாபுரியின் ராணி. அம்மா, இது மிகப் பழமையானது. மிக மிகப் பழமையானது. இந்த முதல் சொல் இருக்கிறதே, அதற்குத் தெய்வமானவள் என்று அர்த்தம்."

"நாஞ்சொல்லல?" என்று அத்தை அம்மாவின் பக்கம் திரும்பினாள். அவள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

"இல்லை, சாமி இல்லை. இவள் மரித்துப்போனாள். அதன்பிறகு அவள் புருஷன், அந்த ராஜா, இவளைத் தெய்வம் என்று சொன்னான். இவள் முகத்தைப் பொன்னிலும் வெள்ளியிலும் அடிக்கச் செய்தான். ஏராளமாக அடித்தான். ஜனங்கள் இந்த முகத்தை மறந்துபோகக் கூடாது என்று."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அந்த இடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல்லைச் சிஸ்டர் சொல்லிவிட்டிருந்தார். அத்தைதான் பேசினாள்.

"செத்த பெறகா? உசுரோட இருக்கையில ஒண்ணும் செய்யலியாக்கும் அந்தாளு?"

சிஸ்டருக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்தது. அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோமாபுரி ராணி எங்கள் மாமா வெட்டிய குழிக்கு எப்படி வந்தாள் என்று நான் கேட்டேன். கப்பலில் வந்தவர்கள் மிளகு வாங்கிக்கொண்டு பொன் கொடுத்தார்கள் என்றார் சிஸ்டர். அத்தை வாயில் கைவைத்துக்கொண்டாள். "நம்ம மலை மெளகுக்கா? ராணியவே குடுத்துட்டு மெளக வாங்கிட்டுப் போயிருக்கான்!" நல்ல வியாபாரியைக் கண்டால் அவளுக்கு வருகிற மரியாதை குரலில் தெரிந்தது.

"அதக் குடு," என்றார் மாமா. யாரிடம் கேட்கிறார் என்று தெரியாமல் எல்லாரும் விழித்தோம். அவர் கையை நீட்டியிருந்தார். சிஸ்டர் காசை அந்த உள்ளங்கையில் வைத்தார். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைக் கண்டெடுத்தவர் அவர்தான். ஆனால் அன்றுதான் சரியாகப் பார்த்தார் என்று அத்தை பிறகு சொன்னாள். பார்த்துவிட்டுக் கையை மூடிக்கொண்டு, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் அத்தையும் அம்மாவும் நானும் பஸ் ஏறி வத்தலக்குண்டு இறங்கி, திண்டுக்கல் போய், அங்கிருந்து பழனிக்குப் போனோம். மாமாதான் கஞ்சி கேட்டுவிட்டாரே, இனி முடி எதற்கு என்று வழியெல்லாம் நச்சரித்தேன். பேச்சு மாறக் கூடாது என்றாள் அத்தை. முடிக்கொட்டகையில் அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தபோது, சவரத்தொழிலாளி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"பூமுடி குடுத்தாப் போதுமே தாயி. ஒரு கொத்து எடுத்து விட்டுர்றேன்."

"முழுசா எடுங்க. அளவுல கொறைக்கிற பழக்கம் எனக்கில்ல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அத்தை இருந்த இடத்தில் காது பெரிதாக, முகம் சிறிதாக வேறு யாரோ இருந்தார்கள். தடவிப் பார்த்து, "அய்யோ, குளுகுளுன்னு இருக்கு" என்று சிரித்த பிறகுதான் அத்தை என்று நம்பினேன். தலையில் சந்தனத்தை அப்பிக்கொண்டு எங்களுக்கு முன்னால் கிடுகிடுவென்று படியேறிப் போனாள். எனக்கு முருகன்மேல் கோபம். நான் முந்தினநாள் காலையெல்லாம் பார்த்துப் பார்த்து ஒரு ராணியைச் செய்தேன். அவர் ஒரு கத்தியை வைத்துக் கலைத்துவிட்டார். சந்நிதியில் நான் கும்பிடவில்லை.

மாமா பிழைத்துக்கொண்டார். வைகாசிக்குள் தோப்பில் சாய்ந்த இடத்திலெல்லாம் கன்று வைத்துவிட்டார். கொடுத்ததை முருகன் வாங்கிக்கொண்டதால் என்று அத்தையும், ஊசியால் என்று அப்பாவும், தன் ஜெபத்தால் என்று சிஸ்டரும் சொன்னார்கள். கொண்டையால்தான் என்பது எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை. அதெல்லாம் பிறகு. பழனியிலிருந்து திரும்பி நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நடந்ததைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாமாவைப் பிடித்து நடத்திவந்து வராந்தாவில் வெயில் விழும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அத்தை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து முக்காடு போட்டிருந்தாள்.

"அத எடு," என்றார் மாமா.

அத்தை தயங்கினாள். யாருக்கும் எதற்கும் தயங்காத அத்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அவளே மெல்ல அதை இறக்கிவிட்டாள். சந்தனம் காய்ந்து திட்டுத்திட்டாக உதிர்ந்திருந்தது. வெயிலில் மொட்டைத் தலை பளபளத்தது.

மாமா கையைத் திறந்தார். காசு அதிலேயே இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு காசைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மறுபடி காசைப் பார்த்தார்.

"அப்பிடியேதான் இருக்கு," என்றார்.

நான் சிஸ்டரைத் தேடி ஓடினேன். மாமாவுக்கு மறுபடி காய்ச்சல், என்னென்னவோ உளறுகிறார், சீக்கிரம் வாருங்கள் என்று அவர் அங்கியைப் பிடித்து இழுத்துவந்தேன். நாங்கள் வந்தபோது அத்தை நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மாமாவின் முழங்காலில் தலையைச் சாய்த்திருந்தாள். மாமாவின் கை அந்தத் தலையின் மேல் இருந்தது. சிஸ்டர் கிட்டேகூடப் போகவில்லை.

"காய்ச்சல் ஒன்றும் இல்லை," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

தொட்டுப் பார்க்காமலே அதெப்படிச் சொல்ல முடியும் என்று எனக்கு ஆத்திரம். பெரியவர்களை நம்பிப் பயனில்லை என்று நானே போய் மாமாவின் இன்னொரு கையிலிருந்த காசை எட்டிப் பார்த்தேன். அலை, பின்னல், முத்துச்சரம், உச்சிக்கொண்டை. அப்புறம் அத்தையின் தலையைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக, மிகவும் கவனமாக, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.